நாலாவது கை

அலவி முதலாளி பட்டியலை உரக்கப் படித்துக்கொண்டே சாமான்களை எடுத்து வைத்தார். வெள்ளைத் துணி, கற்பூரம், ஊதுபத்தி, வெற்றிலை, கிராக்கர் பிஸ்கட், சீனி, தேயிலை. பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழித்து நிஷாந்த் எழுதிய பட்டியல். அப்பா செத்துப்போனார் என்று விடிகாலையில் போனில் சொன்ன தங்கச்சி யசோதினி, அழுகையோடு அழுகையாக இதையும் சொல்லியிருந்தாள். கடைசி வரிக்கு வந்ததும் முதலாளியின் குரல் நின்றது.

"கார்ட் கட்டு ரெண்டு."

வெளியே பெரகல சந்தியில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு திரும்பியது.

"சாவு வீட்டுல கேப்பாங்க மொதலாளி. ராமுழுக்க முழிச்சிருக்கணுமில்ல. மகன்தான் வாங்கிக் குடுக்கணும்."

"தெரியும்." மேல் தட்டிலிருந்து இரண்டு சீட்டுக் கட்டுகளை எடுத்தார். பேப்பரில் சுற்றி, நூலால் கட்டி, தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இத நான் கொண்டு வாறன். நீ மத்தத தூக்கு."

பதினாலு மாதத்துக்கு முன் இந்தக் கடையில் வேலை கேட்டு வந்து நின்றபோது அவனுக்கு இருபத்துமூன்று வயது. போனில் பந்தயம் கட்டும் ஆட்டம் எல்லாவற்றையும் தின்றிருந்தது. சம்பளத்தைத் தின்றது. பிறகு அலுமாரியில் இருந்த அம்மாவின் சங்கிலியையும் தின்றது. செத்துப்போன அம்மா யசோதினிக்கென்று விட்டுப்போன ஒரே பொருள் அது. அப்பா கந்தப்பன் கை ஓங்கவில்லை. அவனுடைய உடுப்புப் பையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பெரிய போன வித்துட்டு வா. பொறகு வேல," என்று மட்டும் சொன்ன அலவி, மேசை லாச்சியிலிருந்து பழைய பட்டன் போன் ஒன்றைக் கொடுத்தார். முதல் மூன்று மாதம் நித்திரையிலும் அவன் கட்டைவிரல் தானாக அசைந்துகொண்டிருந்தது. பிறகு நின்றது. எந்த நாளில் நின்றதென்று அவனுக்கே தெரியாது.

ஹாலிஎலையிலிருந்து ஆட்டோவில் மேலே ஏறி இருவரும் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து சவப்பெட்டி வந்துவிட்டிருந்தது. லயத்து வீட்டு வாசலில் தறப்பாள் கட்டி, பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். உள்ளே காம்பராவில் அப்பா படுத்திருந்தார். தாடையைத் துணியால் கட்டியிருந்ததால், எதையோ சொல்லவந்து வேண்டாமென்று விட்டவர் மாதிரி இருந்தார். கால்மாட்டில் யசோதினி உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் அவள் கை இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. அலுமாரிச் சாவி அங்கேதான் இருந்தது.

வெளியே சன்னாசி மாமா மேசையைத் துடைத்து, அலவி கொடுத்த சீட்டுக் கட்டைப் பிரித்துக் குலுக்கினார். இருபது வருசமாக இந்தத் தோட்டத்தில் எந்தச் சாவு வீடானாலும் அவரும் கந்தப்பனும் ஒரே மேசைதான். அந்த மேசையில்தான், அப்பாவின் மடியில் உட்கார்ந்து, நிஷாந்த் முதன்முதலாகச் சீட்டை விரித்துப் பிடித்தான். அப்போது ஆறு வயது. ஒரு கை ஜெயித்ததும் அப்பா அவன் உச்சியில் முத்தமிட்டார். அவர் கொடுத்த முத்தங்களில் அவனுக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

"டேய் நிஷாந்து, ஒரு கை கொறையுது. ஒங்கப்பன் எடம். வந்து ஒக்காரு."

"வேணாம் மாமா. நீங்க ஆடுங்க."

"சாவு வீட்டுச் சீட்டெல்லாம் ஒரு சூதாடா? பொணத்துக்குத் தொணடா இது."

"லெச்சக்கணக்குல ஆடுன தொரை," என்றான் பக்கத்தில் இருந்தவன், "நம்மகூட அஞ்சுக்கும் பத்துக்கும் ஆடுவாரா?"

சிரிப்பு எழுந்து, சாவு வீடென்ற ஞாபகம் வந்து அடங்கியது. நிஷாந்த் தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்துவிட்டு, வெற்று வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்குப் போனான். சீட்டுக் குலுக்கும் சத்தம் படிக்கட்டு வரைக்கும் கூடவே வந்தது.

பீலியில் யசோதினி முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் வாளியைத் தண்ணீருக்குக் காட்டினான்.

"அப்பா என்னைய கேட்டாரா?"

அவள் இன்னொரு கை தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டாள்.

"நேத்து கேட்டாரு. மூஞ்சியப் பாக்கணும்னாரு. பக்கத்துக் கட்டில்காரப் புள்ள வீடியோ கோல் எடுத்துத் தாரேன்னிச்சு. ஒன் போன்ல அது எங்கண்ணே வரும்?"

அவன் சட்டைப் பையில் பட்டன் போன் கனத்தது.

"வேற எதும் சொன்னாரா?"

"பேச மூச்சில்ல. இப்பிடிக் காட்டுனாரு." தன் கட்டைவிரலை, போன் திரையைத் தள்ளுகிற மாதிரி, மேலும் கீழும் ஆட்டினாள். "இன்னமும் ஆடுறானான்னு கேக்குறாரு."

"நீ என்ன சொன்ன?"

வாளி நிரம்பி வழிந்தது.

"தெரியலன்னேன். எனக்கு எப்பிடித் தெரியும்? விட்டுட்டேன்னு இதுக்கு முன்னயும் மூணு தடவ சொன்னவன்தானே நீ."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியேறினாள். அவன் வாளியை எடுக்கவில்லை.

கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் புறப்பட்ட அலவி, பாதைத் திருப்பத்தில் நின்றார்.

"ஒன் தங்கச்சிகிட்ட நான் ஒரு வார்த்த சொல்லட்டா?"

"வேணாம் மொதலாளி. கேக்கணும்னு கெடந்த ஆளுக்கு இனிக் காது கேக்காது."

அலவி அவன் தோளைத் தொட்டார். பிறகு மண்பாதையில் இறங்கிப் போனார்.

இரவு முழுவதும் ஆட்டம் நடந்தது. அவன் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தான். மறுநாள் மத்தியானமும் நடந்தது. ஆள் சேராத ஒரு நேரத்தில் சன்னாசி மாமா, என்ன நினைத்தாரோ, கந்தப்பனின் காலிக் கதிரைக்கு முன்னாலும் நாலு சீட்டைக் கவிழ்த்துப் போட்டார்.

"ஆட வேணாம்டா. ஒங்கப்பன் கை எப்பிடின்னு திருப்பியாச்சும் பாரு."

நிஷாந்த் தட்டோடு நின்றான். மேலே கிடந்த சீட்டின் மூலை லேசாகத் தூக்கியிருந்தது. ஒரு விரல் போதும். தட்டின் விளிம்பில் அவன் கட்டைவிரல் ஒருதரம் அசைந்தது. எல்லோரும் பார்த்தார்கள். வாசற்படியில் யசோதினியும் நின்றாள்.

"தேத்தண்ணி ஆறுது மாமா," என்றான்.

"அப்பனுக்கு ஒரு கை பிடிக்க வக்கில்ல," என்று சன்னாசி மாமா முணுமுணுத்தார். "இதுல மகனாம்."

அப்போது தப்புச் சத்தம் எழுந்தது. பெட்டியைத் தூக்க ஆட்கள் எழுந்துவிட்டார்கள்.

தேயிலை மலைக்கு நடுவே, மழைத் தூறலில், மகன் போட வேண்டிய மூன்று பிடி மண்ணைப் போட்டான். மண் ஈரமாக இருந்ததால் கையோடு ஒட்டிக்கொண்டது. உதறி உதறிப் போட வேண்டியிருந்தது.

குளித்து, நனைந்த வேட்டியோடு திரும்பியபோது காம்பராவைக் கழுவிவிட்டு விளக்கேற்றியிருந்தார்கள். யசோதினி மட்டும் இருந்தாள்.

"காஞ்ச துவாய் ஒண்ணு தாரியா?"

அவள் அலுமாரிப் பக்கம் போனாள். கை இடுப்புக்குப் போய் அங்கேயே நின்றது.

நிஷாந்த் திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றான். சாவி திரும்பும் சத்தம் கேட்டது. கதவு முனகியது. துவாய் அவன் தோளில் விழுந்தது. பிறகு மறுபடியும் சாவி. பூட்டு விழுந்ததா என்று அவள் ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். இன்னொருதரமும் இழுத்தாள்.

வெளியே கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். மேசையை மட்டும் யாரும் எடுக்கவில்லை. தறப்பாள் ஓட்டையிலிருந்து சொட்டிய தண்ணீர், கவிழ்ந்து கிடந்த நாலு சீட்டின் முதுகில் விழுந்துகொண்டிருந்தது.