கழுகு பேக்

செஞ்சிக்காரர்களில் ஒரு வினோதமான ரகம் உண்டு. ஜன்னலைத் திறந்தால் நிஜக் கோட்டை நிற்கும். அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கைபேசிக்குள் இருக்கிற பொம்மைக் கோட்டையைப் பிடிக்கத் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். அறிவுமதி அந்த ரகம். வயது முப்பத்திரண்டு, படிப்பு பி.காம்., வாய் கொஞ்சம் நீளம். பஜாரில் ஒரு மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதுகிறாள். கடலை மூட்டைகளுக்கு நடுவே பகலெல்லாம் விவசாயிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் 'கொத்தளம்' விளையாட உட்கார்ந்துவிடுவாள்.

கொத்தளம் சிக்கலான விளையாட்டு ஒன்றுமில்லை. ஒரு மலைக்கோட்டை. நாலு பேர் காக்க வேண்டும், எங்கிருந்தோ ஆன்லைனில் வருகிற வேறு நாலு பேர் மதிலேறி உச்சியிலுள்ள கொடியைப் பிடுங்க வேண்டும். அறிவுமதி ஒரு நாலு பேர் அணிக்குக் கேப்டன். திண்டிவனத்தில் நர்சிங் படிக்கும் சுவாதி, அவலூர்பேட்டையில் செல்போன் கடை வைத்திருக்கும் பாரதி, ஷேர் ஆட்டோ ஓட்டும் சேரன் ஆகிய மூவரும் அவள் படை. சேரனுக்குக் கதவு காக்கிற வேலை. எதிராளி கதவை நோக்கி வருகிறானா, மதில் பக்கம் ஒதுங்குகிறானா என்று காலடிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். அவன் கதவில் நின்றால் அறிவுமதி மற்ற மூன்று பக்கத்தையும் நிம்மதியாகப் பார்ப்பாள்.

இந்த அணியில் ஒரு கதை இருக்கிறது. முதல் ஒரு வருடம் நால்வரும் குரலால் மட்டுமே பழகியவர்கள். சேரன் அவளைக் 'கேப்டன்' என்பான், அவள் அவனைக் 'கதவு' என்பாள். ஒருநாள் விளையாட்டின் நடுவே அறிவுமதியின் வீட்டுக்குப் பின்னால் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி அலறியது. அதே பாட்டு அதே நேரத்தில் சேரனின் பக்கத்திலிருந்தும் கேட்டது. விசாரித்தால் இருவரும் ஒரே ஊர். சிங்கவரம் தாண்டி உள்ளே போகிற சின்ன ஊர் அது. அவன் ஊர்த்தெருவில், அவள் காலனியில். நடந்தால் ஐந்து நிமிடம். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை நடந்து இவர்கள் வீட்டுக்கு அவர்களோ, அவர்கள் வீட்டுக்கு இவர்களோ வந்து உட்கார்ந்த வழக்கம் இல்லை. பஸ்ஸில் பார்த்தால் சிரிப்பார்கள், கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பார்கள், அவ்வளவுதான்.

தெரிந்த பிறகு இரண்டு நாள் சேரன் வரவில்லை. அறிவுமதி மனதுக்குள் அவனுக்குக் கணக்கு முடித்துவிட்டாள். மூன்றாம் நாள் வந்தவன், "கேப்டன், ஆட்டோ கிளட்ச் போயிட்ச்சி, அதான் வரல" என்று சொல்லிவிட்டுக் கதவில் போய் நின்றான். அது நிஜமா பொய்யா என்று அவள் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் கோட்டை அவளுக்கு வெறும் விளையாட்டாக இல்லை. எந்தத் தெரு என்று யாரும் கேட்காத ஒரே இடம் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

அந்த இடத்துக்குத்தான் இப்போது ஆபத்து வந்தது. பழைய கொத்தளத்தை மூடப்போவதாகவும், அடுத்த மாதம் 'கொத்தளம் இரண்டு' வரப்போவதாகவும் கம்பெனி அறிவித்தது. படங்களெல்லாம் பிரமாதமாக இருந்தன. மலையில் மழை பெய்தது, மதிலில் பாசி வழுக்கியது. கூடவே 'கழுகு பேக்' என்று ஒன்றையும் காட்டினார்கள். காசு கட்டி வாங்கினால் முதுகில் இறக்கை முளைக்கும். மதிலை ஏறவே வேண்டாம், பறந்து தாண்டிவிடலாம். அதன் விலை சேரனின் இரண்டு நாள் வசூல், அதுவும் மூன்று மாதத்துக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். விளையாடுகிறவர்கள் கொதித்துப்போய் கம்பெனி பக்கத்தில் எழுதித் தள்ளினார்கள். பறக்கிறவனுக்கு மதில் எதற்கு, கதவு எதற்கு என்று கேட்டார்கள். கம்பெனி எல்லோருக்கும் ஒரே பதிலை ஒட்டியது. பேக் வெறும் உற்சாகத்துக்காக, ஆட்டத்தின் சமநிலை கெடாது.

சேரன் ஒன்றும் கொதிக்கவில்லை. அமைதியாகத்தான் சொன்னான்.

"பழசு மூடற வரிக்கும் ஆடறேன் கேப்டன். புதுசுல நான் வர்ல. மேல பறக்கறவன பாத்துக்கினு கீழ கதவ காக்க நான் இன்னா கேணயா?"

பேக்கை நாலு பேருக்கும் தானே வாங்கித் தரட்டுமா என்று கேட்கலாம். கேட்டால் அத்தோடு அவன் வருவதை நிறுத்திவிடுவான் என்பது அவளுக்குத் தெரியும். அவளும் அப்படித்தான் நிறுத்துவாள். ஆகவே கேட்கவில்லை.

இந்த நேரத்தில் கம்பெனியே கூப்பிட்டது. வெளியீட்டுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் புது விளையாட்டை நேரலையில் காட்டப்போகிறார்களாம். பழைய கொத்தளத்தில் பெயர் வாங்கிய இரண்டு அணிகள், மூன்று ஆட்டம். ஒன்று அறிவுமதியின் செஞ்சி அணி, பேக் இல்லாமல். மற்றது கோயம்புத்தூர் பிரசாந்தின் அணி, பேக்கோடு. பிரசாந்த் முன்பதிவிலேயே நாலு பேக் வாங்கிய ஆள். சுவாதியும் பாரதியும் துள்ளினார்கள். காசு கட்டாமலே அவர்களைத் தோற்கடித்துக் கம்பெனியின் மூக்கை உடைக்கலாம் என்றார்கள். சேரனும் அரைமனதாகச் சரி என்றான்.

அறிவுமதிக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. சனிக்கிழமை மண்டியில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது அது பிடிபட்டது. ஜெயித்தால் என்ன ஆகும்? 'பாருங்கள், பேக் இல்லாதவர்களும் ஜெயிக்கலாம்' என்று கம்பெனிக்காரன் இவர்கள் நாலு பேர் படத்தையே போட்டு விற்பான். தோற்றால்? தோற்றவர்களின் புலம்பல் என்று ஒதுக்குவான். எப்படி விழுந்தாலும் காசு கம்பெனி பக்கம்தான் விழும். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு அழகாகக் கண்ணி வைத்தவனை ஒரு பக்கம் மெச்சவும் தோன்றியது.

அப்போது வெளியே எடை போடும் இடத்தில் கூச்சல். ஒரு விவசாயி, தராசு எடையைக் குறைவாகக் காட்டுகிறது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மண்டியில் இதற்கு வழக்கம் உண்டு. வாதாட மாட்டார்கள். மூட்டையை இறக்கி அடுத்த தராசில் ஏற்றுவார்கள். இரண்டும் ஒன்றே காட்டினால் அவர் வாயை மூட வேண்டும், வேறு காட்டினால் மண்டிக்காரர் வாயை மூட வேண்டும். மூட்டையை இரண்டு ஆட்கள் தூக்கிக்கொண்டு போவதை அறிவுமதி பேனாவைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். பில்லுக்குக் காத்திருந்தவர் இருமிக் காட்டிய பிறகுதான் தெளிந்தாள்.

ஞாயிறு மூன்று மணி. முதல் ஆட்டத்தில் செஞ்சி அணி கோட்டைக்குள் நின்றது. சேரன் கதவில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். காலடிச் சத்தமே வரவில்லை. நாலு பேரும் தலைக்கு மேலே பறந்து போய்க் கொடியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அம்மா கொண்டுவந்து வைத்த டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தொகுப்பாளர் பெண் என்ன விறுவிறுப்பு என்று பாராட்டினாள்.

அறிவுமதி மைக்கைத் திறந்தாள். நேரலையில் எல்லோரும் கேட்கப் பேசினாள்.

"பிரசாந்த் தம்பி, ஒண்ணு கேக்கறேன். உங்க பேக்க எங்களுக்குக் குடுங்க. அடுத்த ஆட்டம் நீங்க பேக் இல்லாம கோட்டையக் காத்துப் பாருங்க. யார் ஜெயிக்கறது, ஆளா பேக்கான்னு தெரிஞ்சிடும்."

ஒருவர் வாங்கிய பேக்கை இன்னொருவருக்குப் பரிசாகக் கொடுக்க விளையாட்டிலேயே ஒரு பொத்தான் இருந்தது. நண்பர்களுக்கு வாங்கிக் கொடுத்தால் விற்பனை கூடுமே என்று கம்பெனியே வைத்த பொத்தான் அது. தொகுப்பாளர் நிகழ்ச்சி நிரலில் இப்படி இல்லையே என்று இழுத்தாள். பிரசாந்த் மாட்டேன் என்றால் எல்லாம் அங்கேயே முடிந்தது. அறிவுமதி உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஏனுங்க்கா, நானும் மூணு வருசமா அந்த மதில்ல வழுக்கி வழுக்கி ஏறுனவன்தானுங்க. இப்ப ஜெயிச்சது நானான்னு எனக்கே சந்தேகமாத்தான் இருக்குது. மாத்திப் பாத்தர்லாமுங்க."

மாற்றினார்கள். இந்த முறை செஞ்சி அணி பறந்தது. அதேபோல டீ நேரத்துக்குள் முடிந்தது. பார்வையாளர்களின் செய்திகள் திரையில் மேலேறிய வேகத்தில் படிக்கவே முடியவில்லை. ஆனால் அறிவுமதியைப் பயமுறுத்தியது வேறு. பறக்கும்போது சேரன் சின்னப் பிள்ளையாகச் சிரித்தான். மூன்று வருடத்தில் அவன் அப்படிச் சிரித்து அவள் கேட்டதே இல்லை. இந்த ருசி பிடித்துவிட்டால் இவன் கடன் வாங்கியாவது பேக் வாங்குவான், அப்புறம் கதவில் யார் நிற்பார் என்று அவளுக்குள் திக்கென்றது.

கொடியைப் பிடுங்கிய பிறகு அவன் குரல் இறங்கியது. "நல்லாத்தான் இருக்குது கேப்டன். ஆனா நான் ஒண்ணுமே செய்யலியே."

பேக்குகளைப் பிரசாந்துக்கே திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாவது ஆட்டம் இரண்டு பக்கமும் பேக் இல்லாமல் என்று முடிவானது. தொகுப்பாளரும் எதிர்க்கவில்லை. பார்க்கிறவர்களின் எண்ணிக்கை அந்த அளவுக்கு ஏறியிருந்தது. தொடங்கப்போகும் நேரத்தில் சேரனின் பெயர் திரையிலிருந்து மறைந்தது. உடனே போன் வந்தது. புது விளையாட்டு அவன் நெட்டை மொத்தமாகக் குடித்துவிட்டது. ஊரில் ரீசார்ஜ் கடை ஞாயிறு மூடியிருக்கும், ஆன்லைனில் போட அவன் பேங்க் கணக்கில் காசும் இல்லை. பாரதி தன் கடையிலிருந்து போட்டுவிடுவதாகச் சொன்னான், ஆனால் சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது.

"உங்க வீட்ல வைஃபை இருக்குதில்ல?" என்றான் சேரன்.

மண்டியின் வரிக்கணக்கு வேலைக்காகப் போட்ட இணைப்பு இருந்தது. இருக்கிறது என்றாள் அவள். அதற்கு மேல் வா என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. பத்து நிமிட இடைவேளை அறிவித்தார்கள்.

அவன் ஆட்டோவில் வரவில்லை, ஊர்த்தெருவிலிருந்து ரோட்டைத் தாண்டி, பட்டப்பகலில் போனைக் கையில் பிடித்தபடி நடந்தே வந்தான். பார்க்காத கண் இல்லை. அறிவுமதியின் அம்மா அமிர்தவல்லி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றுவிட்டாள். அறிவுமதி நெகிழ்ந்துபோனாள். அப்படி நெகிழ்ந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சலும் வந்தது. நடக்க வேண்டிய ஐந்து நிமிடத்தை ஒருவன் நடந்திருக்கிறான், இதில் நெகிழ என்ன இருக்கிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"இவ்ளோ நேரமா? பாஸ்வேர்டு போடு, சீக்கிரம்" என்றாள்.

அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அம்மாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டான். முழுச் சொம்பையும் குடித்துவிட்டுக் கதவைக் காக்கப் போனான்.

அந்த ஆட்டம் ஒரு மணிநேரத்துக்கு மேல் நடந்தது. பாசியில் வழுக்கி விழுந்தார்கள், கதவை இடித்தார்கள், சுவாதி கத்தியே குரலை விட்டாள். கடைசியில் பிரசாந்தின் ஆள் ஒருவன் வடக்கு மதில் வழியே ஏறிக் கொடியைப் பிடித்துவிட்டான். செஞ்சி அணி தோற்றது. தோற்றவர்களும் ஜெயித்தவர்களும் எந்தத் தவறு யாருடையது என்று அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். சேரன் அறிவுமதியின் வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு, வடக்கைப் பார்க்காதது கேப்டன் தப்பு என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னான். அவளுக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் பிரசாந்த் தன் முன்பதிவை ரத்து செய்துவிட்டான். தரவரிசை ஆட்டத்தில் பேக் இல்லையென்றால் மறுபடி வாங்குகிறேன் என்று கம்பெனி பக்கத்தில் எழுதினான். அதைப் பார்த்து நூற்றுக்கணக்கானவர்கள் ரத்து செய்தார்கள். வாங்காதவர்கள் புலம்பினால் கம்பெனிக்குக் காது கேட்காது, வாங்குகிறவர்கள் திரும்பிப் போனால் கேட்கும். அந்த வாரமே அறிவிப்பு வந்தது. கழுகு பேக் தனி அறைகளில் ஜாலிக்கு மட்டும், தரவரிசை ஆட்டத்தில் யாருக்கும் இறக்கை கிடையாது. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. நாளைக்கு வேறு பெயரில் வேறு ஏதாவது விற்பார்கள். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அறிவுமதி.

புது விளையாட்டு வெளியான அன்று சாயங்காலம் அவள் உட்காரும்போது வாசலில் சேரன் நின்றுகொண்டிருந்தான். நெட் தீர்ந்துவிட்டதா என்று கேட்டாள். நிறைய இருக்கிறது, தனியாக உட்கார்ந்து ஆடச் சலிப்பாக இருக்கிறது என்றான். உள்ளே வந்து தன் இடம் போல அதே சுவரில் சாய்ந்தான்.

அவளுக்குச் சட்டென்று வார்த்தை வந்துவிட்டது. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

"எப்பவும் நீயே வந்துக்கினு இருப்பியா? அடுத்த வாரம் உங்க வீட்ல ஆடலாம்."

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. அம்மா சமையலறையில் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். சேரன் போனிலிருந்து கண்ணை எடுத்தான்.

"இங்க வந்த அன்னிக்கே சொல்ட்டேன் எங்கம்மாகிட்ட, ஒரு நாளு கூட்டியாருவேன்னு. ரெண்டு நாள் என்கிட்ட பேசவே இல்ல. நேத்து காலையில, 'அந்தப் பொண்ணு டீ குடிக்குமா, காப்பி குடிக்குமா'ன்னு கேட்டுச்சி."

அறிவுமதி திரையைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டாள். எதிரணி ஏறத் தொடங்கியிருந்தது.

"காப்பின்னு சொல்லு" என்றாள்.