கேள்வி கேட்காத ஞாயிறு

பஞ்சவர்ணம் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். கள்ளிக்குப்பம் வீட்டில் தனி ஆள். மகள் ஷர்மிளா புனேவுக்கு வேலைக்குப் போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு போன், வாரத்துக்கு அவ்வளவுதான் பேச்சு. அதுவும் இவள் கேட்பாள், அவள் பதில் சொல்வாள். வேலைக்கு ஆள் எடுக்கிற மாதிரி.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் கடைசியில் தொழில் புத்தியைக் காட்டிவிட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் தான் கேட்ட கேள்வி எத்தனை, போன் ஓடிய நிமிடம் எத்தனை என்று வரைபடத் தாளில் புள்ளி வைத்தாள். நடுவே நேர்கோடு போட்டாள். சாய்வு அரை. ஒரு கேள்வி கூடினால் பேச்சு அரை நிமிடம் கூடுகிறது. அது தெரிந்த சங்கதிதான். ஆனால் அந்தக் கோடு இடது அச்சை வெட்டிய இடம்! கேள்வி பூஜ்யம், பேச்சு நாலு நிமிடம்.

அதாவது, இவள் எதுவுமே கேட்காவிட்டாலும் மகள் நாலு நிமிடம் தானாகப் பேசுவாள். பஞ்சவர்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

இதே தப்பைப் பிள்ளைகள் செய்தால், "பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளிகூட இல்லையே, கோடு அச்சை வெட்டுகிற இடத்துக்கு எப்படி அர்த்தம் சொன்னாய்?" என்று சிவப்பு மையில் எழுதுகிறவள் இவள்தான். எந்த ஞாயிறும் எட்டுக் கேள்விக்குக் குறைத்தவள் இல்லை. தெரியாமலா? ஆசை வந்துவிட்டால் படித்த படிப்பெல்லாம் எந்த மூலைக்கு?

அடுத்த ஞாயிறு, கேள்வியே கேட்பதில்லை என்று உட்கார்ந்தாள்.

"சொல்லும்மா" என்றாள் ஷர்மிளா.

"சும்மாதான்டி. நீ பேசு."

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது.

"அப்புறம்?" என்றாள் மகள்.

"ம்."

மறுபடி மிக்ஸி ஓடியது. பஞ்சவர்ணம் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, ஒண்ணுமே கேக்க மாட்டேங்கறே? உடம்பு சரியில்லையா? காய்ச்சலா? டாக்டர்கிட்ட போனியா?"

மகள் குரல் பதறியது. அவள் இத்தனை கேள்வி கேட்டு எத்தனை காலமாயிற்று! பஞ்சவர்ணத்துக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்த நிறைவில் உண்மையைச் சொல்லித் தொலைத்தாள்.

"எனக்கென்னடி, நல்லாத்தான் இருக்கேன்."

"அப்பாடா, பயமுறுத்திட்டே! சரிம்மா, வெச்சிடறேன்."

வைத்துவிட்டாள். போன் இரண்டு நிமிடம்கூட ஓடவில்லை.

பஞ்சவர்ணம் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். கொஞ்சம்கூடச் சூடு இல்லை. அவளுக்கு அழுகை வந்தது.