பத்தியம் இல்லாத வயிறு

கார்த்திகை மாதம் எனக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். உள்ளே கல். வயிற்றில் நான்கு சிறு துளைகள். மூன்றாம் நாளே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். புறப்படும்போது டாக்டரிடம் பத்தியம் கேட்டேன்.

"பத்தியம்லாம் ஒண்ணும் இல்ல. நார்மலா சாப்பிடுங்க."

காய்ச்சலுக்கே பத்தியம் உண்டு. ஓர் உறுப்பையே எடுத்த பிறகு எப்படி இல்லாமல் போகும்? அவசரத்தில் சொல்ல மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

தை பிறந்தும் வயிறு சரியாகவில்லை. சாப்பிட்ட இருபதாவது நிமிடம் கழிப்பறைக்கு ஓட வேண்டும். தினமும் அப்படி இல்லை என்பதுதான் குழப்பம். செவ்வாய்க்கிழமை மூன்று இட்லி, சாம்பார்; ஒன்றுமில்லை. புதன்கிழமை அதே மூன்று இட்லி, அதே சாம்பார். இரண்டு தடவை ஓடினேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிப் பார்த்தும் ஒரு கணக்கும் பிடிபடவில்லை.

கூட வேலை பார்க்கும் ஷாஹுல் ஹமீது, தயிர்சாதம் மட்டும் சாப்பிடச் சொன்னார். ஊரிலிருந்து மனைவி சுந்தரவல்லி, தயிரைத் தொடவே கூடாது என்று போனில் சத்தம் போட்டாள். ராயப்பேட்டை நாட்டு மருந்துக் கடைக்காரர் என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"பித்தம் ஏறிக்கினு கீது."

"பையவே எடுத்தாச்சேய்யா. பித்தம் எங்கேருந்து வருது?"

"அத்தத்தான் சொல்றேன். பை இல்லேன்னா அது எங்க போய்த் தங்கும், நைனா?"

அதில் நியாயம் இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில், பட்டுப் பிரிவில், எனக்கு இருபத்தொரு வருடம். முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள் மெத்தையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பார்ப்பார்கள். விரித்துக் காட்டுகிறவன் நடுவில் எழுந்தால் சகுனம் சரியில்லை என்பார்கள். நான் இந்த மாதம் இரண்டு தடவை எழுந்துவிட்டேன். ஒரு குடும்பம் அப்படியே வெளியேறிவிட்டது. மாடிப் பொறுப்பாளன் சுரேஷ்குமார், எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன்தான், கூப்பிட்டுச் சொன்னான்.

"இன்னொரு தடவ நடுவுல எந்திரிச்சா மூணாவது மாடிதான் அண்ணாச்சி. பெட்ஷீட் மடிக்க வேண்டியதுதான்."

பட்டுப் பிரிவில் என் பெயர் சொல்லித் தேடி வருவார்கள். பெட்ஷீட் வாங்க வருகிறவர்கள் யார் பெயரையும் கேட்பதில்லை.

எனவே வெள்ளிக்கிழமை எதுவுமே சாப்பிடவில்லை, காப்பிகூட. பதினொரு மணிக்கு மந்தைவெளியிலிருந்து சூடாமணி மாமி, மகள் மாளவிகாவோடு வந்தார்.

"சுயம்புலிங்கம், மூத்தவளுக்கும் நீங்கதான் எடுத்துக் குடுத்தேள். இவளுக்கும் நீங்கதான்."

பதினான்காவது புடவை அரக்கு. மாளவிகா அதைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்றாள். அப்போது வயிறு புரண்டது. எதைச் சாப்பிட்டேன் என்று புரள்கிறது? பல்லைக் கடித்தேன். நெற்றியில் வேர்த்தது.

"என்ன, மூஞ்சி வெளுத்துப் போயிடுத்து?" என்றார் மாமி.

"மாமி, பித்தப்பைய எடுத்திருக்கு. இப்பப் போயே ஆகணும்."

"கல்யாணப் புடவைய விரிச்சு வெச்சுண்டு சொல்ற பேச்சா இது! சரி சரி, போங்கோ. இங்க வெச்சு ஏதாவது ஆயிடப்போறது."

திரும்பி வந்தபோது அவர்கள் இல்லை. என் இடத்தில் சுரேஷ்குமார் உட்கார்ந்து புடவைகளை மடித்துக்கொண்டிருந்தான்.

"அந்த அரக்கையே எடுத்துட்டாங்க அண்ணாச்சி. நாளையிலேருந்து நீங்க மூணாவது மாடி. அங்க பாத்ரூம் கவுன்டருக்குப் பக்கத்துலயே இருக்கு."

"கோவத்துல சொல்லுதியா, நல்லதுக்குச் சொல்லுதியா?"

மடித்த புடவையை அடுக்கில் வைத்தான்.

"எனக்கே சரியாத் தெரியல. காலையிலேருந்து பட்டினின்னு ஷாஹுல் பாய் சொன்னாரு. வெறும் வயித்துக்கே ஓடுதீங்க. பேசாம சாப்பிட்டுத்தான் ஓடுங்களேன்."

கடை ஊழியர்களுக்கான மெஸ்ஸுக்குப் போனேன். சோறு ஆவி பறந்தது. எவ்வளவு போடட்டும் என்று பரிமாறும் சண்முகவடிவு கேட்டாள். நோட்டில் அதற்கும் கணக்கு இல்லை; தட்டை நீட்டியபடி நின்றேன். பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லிக் கத்தினார்கள்.