அவர் குரல் யாரிடம்?

என் கணவர் ஸ்பீக்கர் செய்தவர். கடை வைத்து விற்றவர் அல்ல; பெட்டியின் பலகை எவ்வளவு கனம், உள்ளே பஞ்சு எவ்வளவு, எந்தச் சத்தம் எந்தக் கூம்புக்குப் போக வேண்டும் என்று தீர்மானித்தவர். அவர் வடிவமைத்த ஜோடி வீட்டில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதில் சிலருக்கு அப்படியொரு பெருமை. அவர் காலமாகிச் சில மாதங்கள் கழித்து, அவர் வேலை பார்த்த கம்பெனி ஒரு நினைவுக் கூட்டம் வைத்தது. நான் போனது புகழுரை கேட்க அல்ல. எனக்கு அவர் குரல் வேண்டும்.

கேட்டால் சிரிப்பீர்கள். ஊருக்கெல்லாம் ஒலி கொடுத்த மனிதரின் குரல் எங்கள் வீட்டில் ஒரு துளிகூட இல்லை. போனில் குரல் செய்தி அனுப்ப மாட்டார். "அந்தத் தகர டப்பா சத்தத்துல என் குரல் வரணுமா?" என்பார். பால் வாங்கச் சொல்வதைக்கூட எழுத்தாகத்தான் அனுப்புவார். கல்யாண வீடியோக்களில் இவர் வாய் அசையும், மேலே பாட்டு ஓடும். மகள் தன் போனைச் சல்லடை போட்டுத் தேடிவிட்டாள். "போட்டோ எக்கச்சக்கமா இருக்கும்மா. ஒரு ஹலோ கூட இல்ல," என்று அழுதாள்.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை கம்பெனியில் கிடந்த பழைய டேப்புகள். அவருடைய சோதனை முறை அப்படி. வெட்டவெளிக்கு என்னைக் கூட்டிப்போய்ப் பேச வைத்துப் பதிவு செய்வார். சுவர் இருந்தால் எதிரொலி சேர்ந்துவிடுமாம். பிறகு கம்பெனியில் புது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி, முன்னால் ஒரு திரையைக் கட்டிவிடுவார். ஒரு வாக்கியத்தை நான் சொல்வேன். அதையே பெட்டியும் சொல்லும். எது நான், எது பெட்டி என்று அவருக்கே குழம்புகிறவரை விடமாட்டார். குழம்பிவிட்டால் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. பெண்டாட்டியை அடையாளம் தெரியவில்லை என்று சந்தோஷப்பட்ட ஆம்பளை உலகத்திலேயே இவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

நான் வாசித்தது கதையா, கவிதையா? வாஷிங் மெஷினோடு வந்த கையேடு. உணர்ச்சி கலந்தால் குரல் மாறிவிடுமாம். 'துணிகளை நிறம் பிரித்துப் போடவும்' என்று சொல்லிச் சொல்லியே என் இளமை தீர்ந்தது.

ஆனால் அந்த டேப்புகளில் அவரும் இருந்தார். "காத்து அடங்கட்டும், இரு... ம், இப்ப சொல்லு." நடுநடுவே "மறுபடி", "அவசரப்படாத", "ஏன் முறைக்கிற?" எனக்கு அது போதும்.

அவரோடு நெடுங்காலம் வேலை பார்த்த இன்ஜினியர் ஒருவர் உண்டு. எல்லாரும் அவரை ஒயர் என்றுதான் கூப்பிடுவார்கள். டேப்புகளைப் பற்றி எப்போது போன் செய்தாலும், "கூட்டத்துக்காக எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டிருக்கேன்க்கா. அன்னிக்கே நீங்க கேக்கலாம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். முதலாளி "தங்கக் காது" என்றார். அடுத்தவர் "வைரக் காது" என்றார். அந்தக் காதுக்கு வீட்டில் குக்கர் விசில் கேட்காது என்று எழுந்து சொல்லிவிடலாமா என்றிருந்தது. கடுப்பை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் ஒயர் மேடையோரம் இருந்த கம்ப்யூட்டரைத் தட்டினார். என் கணவர் கடைசியாக வடிவமைத்த ஸ்பீக்கரிலிருந்து என் குரல் வந்தது. இளசான குரல். துணிகளை நிறம் பிரித்துப் போடவும். அடுத்து அவர் "மறுபடி" என்பார் என்று காத்திருந்தேன். ஒன்றுமில்லை. துடைத்துவிட்ட மாதிரி ஒரு நிசப்தம். அப்புறம் அடுத்த வாக்கியம். மறுபடியும் நிசப்தம். சபை உருகிப்போய்க் கைதட்டியது.

நேரே ஒயரிடம் போனேன்.

"நடுவுல அவர் பேசுவாரே தம்பி, அது எங்க?"

"அதையெல்லாம் எடுத்துட்டேன்க்கா," என்றார் பெருமையாக. "காத்து, இருமல், சார் குறுக்க பேசுறது எதுவுமே இல்ல. உங்க குரல் மட்டும் சுத்தமா இருக்கு."

"பழைய டேப்பு?"

"பூஞ்சை புடிச்சு உதிர ஆரம்பிச்சிருச்சுக்கா. ஒரு தடவை ஓட்டுறதுக்குள்ளயே உயிர் போயிருச்சு. வேண்டிய இடத்தை மட்டும் ஏத்திட்டு..." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தூக்கிப் போட்டாச்சு."

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"சார்தான்க்கா எப்பவும் சொல்லுவாரு. சோதனைப் பதிவுல வேண்டாத சத்தம் ஒரு பொட்டு இருக்கக்கூடாதுன்னு."

ஒயரை நாலு வார்த்தை திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. சொல்லிக்கொடுத்தது என் வீட்டுக்காரர்தானே! வேண்டாத சத்தமாம். அவரைத்தான் மனசுக்குள் வாங்கு வாங்கென்று வாங்கினேன். செத்த பிறகும் அவரோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து முதலாளி என்னை மேடைக்கு அழைத்து மைக்கை நீட்டினார்.

"நான் பேச வரல," என்றேன். "உங்க யார்கிட்டயாவது அவரோட குரல் இருக்கா? போன்ல, கேமராவுல, எதுலயாவது?"

சபை முழுக்கக் குனிந்து போனைத் தடவியது. ஸ்பீக்கர் படங்கள் இருந்தன. கோடு கோடாக ஏறி இறங்கும் வரைபடங்கள் இருந்தன. அவரைப் பலமுறை பேட்டி எடுத்த பத்திரிகைக்காரர் எழுந்து, "எழுதி முடிச்சதும் அழிச்சிடுவேன் மேடம், இடம் அடைக்கும்," என்றார். ஒலியே உயிர் என்று கொண்டாடுகிற கூட்டம் இது.

என்மேல் இரக்கப்பட்டோ என்னவோ, ஸ்பீக்கர் விற்கிற கடைக்காரர் ஒருவர் எழுந்தார். "அவரு பேச்சு எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. 'சுவத்த விட்டுத் தள்ளி வைய்யா'ன்னு சொல்லுவாரு," என்று அடித்தொண்டையில் பேசிக் காட்டினார்.

"அவ்வளவு கனமெல்லாம் இல்லீங்க," என்றார் முதலாளி. "கொஞ்சம் மூக்கால வரும்." அவரும் பேசிக் காட்டினார்.

"மூக்கா? கரகரன்னுல்ல இருக்கும்!" என்று எழுந்தார் பத்திரிகைக்காரர்.

ஒயரும் விடவில்லை. "ரெண்டும் இல்ல சார், மேல கொஞ்சம் மெலிசா முடியும். இதோ இப்படி."

அவ்வளவுதான், சபை சூடுபிடித்தது. ஸ்பீக்கரைப் பற்றிச் சண்டை போடுகிற அதே மும்முரத்தோடு சண்டை போட்டார்கள். அடிக்குரல் தூக்கல் என்றார்கள், நடுவில் பள்ளம் என்றார்கள். ஆளாளுக்கு என் கணவராகிப் பேசினார்கள். "போதும், நிறுத்துங்க!" என்று மைக்கிலேயே கத்திவிட்டேன்.

முன்வரிசையிலிருந்து மகள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவங்கள விடும்மா. உனக்குத்தான் தெரியும். நீ சொல்லு, அப்பா குரல் எப்படி இருக்கும்?"

கண்ணை மூடினேன். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதுகூட என் காதில் இருந்தது. இப்போது அங்கே கடைக்காரர் பேசினார், முதலாளி பேசினார், பத்திரிகைக்காரர் பேசினார், ஒயர் பேசினார். என் வீட்டுக்காரர் பேசட்டும் என்று காத்திருந்தேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.