பிசகாத கணக்கு

என் கணவர் மாகாண அலுவலகத்தில் மக்கள்தொகை கணிப்பவர். வீட்டில் அரிசி இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. ஐந்து வருடம் கழித்து எங்கள் மலையூர் ஹாசோனில் எத்தனை குழந்தை பிறக்கும் என்று மட்டும் நன்றாகத் தெரியும்.

கல்யாணம், வேலை, ஆப்பிள் விலை, பள்ளிக்கூடம், பேருந்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு ஒரு கணித மாதிரி செய்திருந்தார். ஒன்றை அசைத்தால் மற்றதெல்லாம் அசையும். அதைக் கணினியில் ஓட்டியபோது எங்கள் ஊர்ப் பிறப்புகள் ஒரு கோடாகக் கீழே இறங்கி, ஐந்தாம் வருடத்தில் பதினொன்றில் வந்து நின்றன. பதினொரு குழந்தைக்குப் பிரசவ வார்டு எதற்கு என்று மேலிடம் கேட்டது. மூட உத்தரவு வந்தது. அந்த வார்டில்தான் நான் நர்ஸ்.

அன்று சாப்பிடும்போது கேட்டேன். "இப்ப வருஷத்துக்கு நாப்பது பிரசவம் பாக்கறோம். அது உங்க ஆளுங்க கண்ணுல படலையா?"

"வரப்போறதை வெச்சுத்தானே திட்டம் போடுவாங்க, ஹேரிம் அம்மா."

"சரி, வார்டை மூடினா என்ன ஆகும்னு உங்க மாதிரியில போட்டீங்களா?"

அவர் சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "மூடறது மேலிடத்து முடிவு. அது எப்படி என் கணக்குல வரும்?"

"ஆப்பிள் விலை வரும், ஆஸ்பத்திரி வராதாக்கும்?"

"நடக்கப்போறதைச் சொல்றவன்தான் நான். நடத்தறவன் இல்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் தட்டில் இன்னொரு மீனை வைத்தேன். அவ்வளவுதான் என் எதிர்ப்பு.

வார்டை மூடினார்கள். என்னைக் கண் பிரிவுக்கு மாற்றினார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் எட்டாம் மாதமே தேகு நகரத்துக்குப் போய் அறை எடுத்தார்கள். பனி கொட்டும் மலைப்பாதையில் வலி வந்தால் யார் பொறுப்பு? போனவர்களின் கணவர்கள் அங்கேயே வேலை தேடிக்கொண்டார்கள். குழந்தைகள் குறைந்ததும் குழந்தை மருத்துவரும் கிளம்பினார். அதன்பிறகு கல்யாணம் ஆன கையோடு மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள்.

நான்காம் வருடக் கடைசியில் எங்கள் மகள் ஹேரிம் உண்டானாள். மாப்பிள்ளைக்கு இங்கே ஆப்பிள் தோட்டம். அவளும் தேகுவில் அறை பார்த்தாள்.

"மூணு மாசம்தானே, குழந்தையோட வந்துடுவா" என்றார் இவர்.

பிள்ளை பெற்றவளுக்குச் சூப் காய்ச்சும் உலர்ந்த கடற்பாசி ஒடியக் கூடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதன் முழ நீளக் கட்டு ஒன்றை மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி பேருந்தில் போனேன். பேத்தி பிறந்திருந்தாள்; பிறப்பைத் தேகு முகவரியிலேயே பதிந்திருந்தார்கள். ஊரில் எத்தனையோ பேரின் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள் நான். என் பேத்தியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

மூன்று மாதம் ஆயிற்று. குழந்தைக்கு இருமல், ஊரில் மருத்துவர் இல்லை, எப்படி வருவது என்றாள் ஹேரிம். இலையுதிர் காலத்தில் மாப்பிள்ளை தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தேகுவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார்.

ஐந்தாம் வருடக் கடைசியில் எங்கள் ஊர் முகவரியில் பதிவான பிறப்புகளை எண்ணினார்கள். சரியாகப் பதினொன்று. இவருக்கு விருது கொடுத்தார்கள். கோட்டைக்கூடக் கழற்றாமல் கேடயத்தை மேசையில் வைத்து, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"பாத்தியா, ஒண்ணுகூடப் பிசகலை."

"ஹேரிம் இங்கேயே இருந்திருந்தா பன்னெண்டு" என்றேன். "ஒண்ணு பிசகியிருக்கும்."

சிரிப்பு அடங்கிவிட்டது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அந்த ஒரு நாளாவது நான் வாயை அடக்கியிருக்கலாம். சொன்னதற்காக இன்றும் வருந்துகிறேன், சொன்னது பொய்யில்லை என்பதற்காக அதைவிட அதிகம்.

சூப்பைச் சூடுபண்ணிக் கொண்டுவந்தேன். அவர் தொடவில்லை. தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ரெண்டாவது உண்டானா, அவ இங்க வந்துடுவாளா?"

"வந்தா எங்கங்க பெத்துக்குவா?"