கடைசிப் பக்கத்துப் பென்சில்

லாஸ்பேட்டை நூலகத்தில் எடுத்துப் படிக்கும் நாவல்களின் கடைசிப் பக்கத்தில் என் அபிப்பிராயத்தைப் பென்சிலால் எழுதிவைப்பது வழக்கம். "கதாநாயகன் அழுத அழுகையில் என் வேட்டி நனைந்து இரண்டு நாள் காயவில்லை" என்று போன மாதம் எழுதினேன். நடந்ததைத்தான் எழுதினேன்.

நூலகர் துர்கா என் உறுப்பினர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டார். "எல்லாத்தையும் அழிங்க ஐயா, அப்பதான் அட்டை."

மொத்தம் நாற்பத்தேழு நாவல்கள். இந்த வயதில் இது எனக்குத் தேவையா? ரப்பர் தூளை அள்ள நகராட்சி லாரி இரண்டு நடை வந்தது.

அட்டை கைக்கு வந்தபோது, வாரம் தவறாமல் நாவல் எடுக்கும் முத்தலிப் பாய் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க எழுதினத எங்கங்க காணோம்?"

"அழிச்சிட்டேன் பாய்."

"என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க. இனிமே உள்ள இருக்கறதயெல்லாம் நானே படிக்கணுமா?"

தன் அட்டையைத் துர்காவின் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.