எண்ணூற்றுப் பன்னிரண்டு ஜோடிக் கைகள்

கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில், உயரத்தால் ‘ஏணி’ என்று பட்டப்பெயர் வாங்கியவனுக்குக் கிடைத்த கைதட்டல் இருபத்தேழு வருஷமாகியும் இன்னும் ஓயவில்லை. அன்று கேலரியில் இருந்தவர்கள் எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர். ஒரு புள்ளி பின்தங்கியிருந்த கடைசி நொடியில், எதிரணி ஆள் வலது கையை மறித்துக்கொள்ள, நடுக்கோட்டிலிருந்து இடது கையால் அவன் வீசிய பந்து வளையத்தைத் தொடாமலே உள்ளே விழுந்தது. ஜனங்கள் எழுந்து நின்று தட்டினார்கள். கை வலித்ததும் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார்கள். சத்தம் மட்டும் போகவில்லை. அவன் உடை மாற்றும்வரை கதவுக்கு வெளியே நின்றது, பிறகு அவனோடு பஸ்ஸில் ஏறியது. கண்டக்டர் ஒரு டிக்கெட்தான் கிழித்தார்.

மூன்றாம் நாள் விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். வீட்டுக்குப் போனான். அப்பா மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தவர். "பந்து சோறு போடுமாடா?" என்று நான்கு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஓர் ஆட்டத்துக்குக்கூட வந்ததில்லை. மகனோடு உள்ளே நுழைந்த இரைச்சலைக் கேட்டதும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். "பக்கத்து வீட்டுல கைக்குழந்தை இருக்கு," என்றார்.

மாநில அணியில் இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இறங்கி ஆடிய ஏழாவது ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆஸ்பத்திரியில் அந்த வார்டு நர்ஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இங்க மத்தவங்க தூங்கணும். கொஞ்சம் நிறுத்தச் சொல்றீங்களா?" என்றாள்.

"நான் சொன்னா கேக்க மாட்டாங்க."

"அப்படி என்ன சாதிச்சுட்டீங்க?"

அவன் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, "சரி, ஜன்னல் பக்கத்துக் கட்டிலுக்கு மாத்தறேன்," என்றாள். அடுத்த வருஷம் அவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. பிறகு கிடைத்த வங்கி வேலை ஒரு மாதத்தில் போனது. கவுன்ட்டரில் நிற்பவர்கள் யாருக்குப் பாராட்டு என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம். பஸ் டிப்போவில் டயர் கழற்றும் பிரிவில் சேர்ந்தான். அங்கே சுத்தியல் சத்தத்தில் எதுவும் யாருக்கும் கேட்காது. பிறந்த மகள் அந்தக் கைதட்டலை மழை என்று நினைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினாள்.

சத்தம் குறைந்துகொண்டே வருகிறது என்பது மார்க்கெட்டில்தான் அவனுக்கு உறைத்தது. உடன் படித்தவன் ஒருவன் எதிரே வந்தான். ஏணி சிரித்தான். அவனோ, "மன்னிக்கணும், நீங்க யாருன்னு தெரியலையே," என்றான். அந்த நிமிஷமே காதருகில் ஒரு ஜோடிக் கை நின்றது. ஒருவர் அவனை மறந்தால் ஒரு ஜோடி குறையும், அவ்வளவுதான் கணக்கு. டீ குடிக்கும் நேரத்தில் எண்ண ஆரம்பித்தான். இருநூறு இருந்தது. மகள் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது எண்பது. "நல்லதுதானே, இனிமே காய்கறி வண்டிக்காரர் கூப்பிடறது காதுல விழும்," என்றாள் மனைவி. அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். மறுநாள் ஒழுகும் குழாயை அவன் சரிசெய்தபோது அவள் நிஜமாகவே கைதட்டினாள். அது சாதாரணக் கைதட்டல், கையை இறக்கியதும் நின்றுவிட்டது. ஆனாலும் அன்று முழுக்க அவன் விசிலடித்துக்கொண்டிருந்தான்.

பதினெட்டாம் வருஷம் ஒரே ஒரு ஜோடி மிஞ்சியது. அது வேறு மாதிரி இருந்தது. தலையணையைப் பலகையால் அடிப்பதுபோல ஒரு மந்தமான சத்தம். யாருடையது என்று தெரியாமல் இரண்டு வருஷம் போயிற்று. அதற்குள் அம்மா இறந்து, அப்பா இவர்களோடு வந்து சேர்ந்தார். ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவியவர் ஈரம் போக இரண்டு தட்டு தட்டினார். வலது கையில் இரண்டு விரலை மில் ரம்பம் எப்போதோ கொண்டுபோயிருந்தது. துண்டோடு நின்ற ஏணி அந்த மந்தமான சத்தத்தை அடையாளம் கண்டுகொண்டான்.

"அப்பா, நீங்க ஆட்டம் பாக்க வந்தீங்களா?"

"அன்னிக்கு எனக்கு ஷிப்ட்டு," என்றார். எந்த ஆட்டம் என்று அவர் கேட்கவில்லை.

பிறகு அப்பாவுக்கு மறதி வந்தது. முதலில் கிழமை மறந்தது, பிறகு வீட்டு வழி. அம்மா போய்ச் சேர்ந்ததையும் மறந்து, அவளுக்கும் சேர்த்துத் தட்டு வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றாகப் போகப் போக ஏணி வேலைக்கு நடுவில்கூட எட்டப் போய் நின்று காது கொடுத்துக் கேட்டான். தட்டிக்கொண்டுதான் இருந்தது. இது நின்றுபோனால் என்ன செய்வது என்று மனைவியிடம் கேட்டான். அவள் அவன் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, "நிக்கறப்ப பாத்துக்கலாம். இப்பக் கேளு," என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாரு தம்பி? நல்ல உசரமா இருக்கீங்க."

கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துக்கொண்டான். "பக்கத்துலதான் இருக்கேன், ஐயா."

"என் பையனும் உசரம். பந்து ஆடுவான். காய்ச்சல்னு மில்லுல பொய் சொல்லிட்டு ஒருநாள் போனேன். கடைசி வரிசையில நின்னேன். கடைசிப் பந்து, இடது கை!" நுரை ஒட்டிய முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார். "அவன்கிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா படிக்க மாட்டான்."

"சொல்லலை," என்றான் ஏணி. மீதிக் கன்னத்தை வழிக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் அது என்ன சத்தம் என்று கேட்டால், மனைவி ஃபேனைக் கொஞ்சம் குறைத்து வைத்து, "எங்க மாமா தட்டறாரு," என்பாள். உள்ளே அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்தபடி தூங்கிக்கொண்டிருப்பார்.